பயந்துகொண்டே பறந்த அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஆவணியோடு ஒரு வருடம் நிறைகிறது. வருடாந்திரத்துக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைக் கொடுக்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்துக் கொடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. நான் எழுதப்போவதில் என் பிழையும் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதட்டுமா என்று மதினியிடம், அண்ணன் மனைவியிடம், கேட்டேன்.

"அத விட்டுட்டா அது அவரப் பத்தி எழுதின மாதிரியே இருக்காது. எழுதுங்க" என்றார்.

போன வருடம் செம்பூரில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் அண்ணனைத் துணிச்சல்காரர் என்றார்கள். முப்பத்திரண்டு வயதில், கையில் ஒரு பெண் குழந்தையோடு, ஓய்வூதியம் வரும் வேலையை விட்டுவிட்டு விமானி ஆகப் போனவரை வேறு எப்படிச் சொல்வார்கள்? அவர்களுக்கு என் நன்றி. ஆனால் கூடப் பிறந்தவளாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணன் பயந்த சுபாவக்காரர். பிறந்தது முதல் கடைசி நாள் வரை பயந்தார். அந்தப் பயத்தை ஒரே ஒரு தடவைதான் அவர் பிறரிடம் மறைத்தார். அதையும் மறுநாளே வந்து சொல்லிவிட்டார்.

அண்ணன் பிறந்தது தாராவியில். எங்கள் அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் இங்கே வந்து, குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தவர். அம்மா வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பார். ஒரே அறை, அதன் மேல் பலகை அடித்த ஒரு தட்டு, ஏறி இறங்கச் செங்குத்தான இரும்பு ஏணி. நானும் அண்ணனும் மேலேதான் படுப்போம். பத்து வயது வரை அண்ணன் அந்த ஏணியில் தனியாக இறங்கமாட்டார். நான்கு வயது இளையவளான நான் முதலில் இறங்கிக் கீழே நின்றுகொண்டு, "இன்னும் மூணு படி, இன்னும் ரெண்டு படி" என்று எண்ண வேண்டும். ஒரு படி குறைத்து எண்ணி அவரை அழவைத்ததும் உண்டு. அதற்கு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

மின்னியலில் டிப்ளமோ முடித்ததும் ரயில்வே தேர்வு எழுதினார். சரக்கு வண்டியில் உதவியாளராகச் சேர்ந்து, வெளியூர்களில் சில வருடங்கள் கழித்து, மும்பை லோக்கல் வண்டியை ஓட்டும் மோட்டார்மேனாகத் திரும்பி வந்தார். எங்கள் சந்தில் முதல் அரசாங்க வேலை அவருடையதுதான். அப்பா வாரவிடுமுறை நாளிலும் பட்டறைக்குப் போய், மூடியிருந்த கதவைத் தட்டி, காவல்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். பிறகு கல்யாணம் நடந்தது. கோபர்கைரனேயில் பள்ளி ஆசிரியையாக இருந்த மதினி வந்தார். மகள் பிறந்தாள். சான்பாடாவில் சொந்தமாக ஒரு சின்ன வீடும் வாங்கினார்கள். அதோடு எங்கள் வீட்டுக் கஷ்டங்கள் முடிந்தன என்று அப்பா நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

லோக்கல் ரயில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. இந்த ஊரில் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறவர்கள் ஏராளம். வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. அண்ணனுக்கு முதல் தடவை அது நேர்ந்தபோது எங்களுக்கு அவர் சொல்லவில்லை. இரண்டாவது தடவை மதினிக்கு மட்டும் தெரிந்தது. மூன்றாவது தடவை ஒரு வாரம் விடுப்பில் இருந்தவர், என்னைக் குர்லா ரயில் நிலையத்து மேம்பாலத்துக்கு வரச் சொன்னார். நான் அப்போதுதான் செம்பூரில் ஒரு ஸ்கேன் மையத்தில் வரவேற்பில் சேர்ந்திருந்தேன். வேலை முடிந்து போனேன். பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி கீழே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு பேரு ஆயிருச்சுட்டி" என்றார்.

நானும் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹாரன் அடிக்கேன். பிரேக் பிடிக்கேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல. வண்டி அது பாட்டுக்குப் போவுது. மொத ரெண்டு பேரும் என்னப் பாக்கல. இந்த ஆளு பாத்தாரு."

"ஆபீஸ்ல வேற சோலி கேளு அண்ணே. எழுதிக் குடுத்தா மாத்துவாங்கல்லா?"

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். குர்லாவில் நிற்பவர்களுக்குத் தெரியும், தலைக்கு மேலே சில நிமிடங்களுக்கு ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ இறங்கும். அன்றும் ஒன்று இறங்கியது. அண்ணன் அது மறையும் வரை பார்த்துவிட்டு, "அதுக்குக் குறுக்க யாரும் வரமாட்டாங்க" என்றார். துக்கத்தில் பேசுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாராவி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னார். வேலையை விடப் போகிறார். சான்பாடா வீட்டை விற்றுவிட்டு விமானி பயிற்சியில் சேரப் போகிறார். அம்மாவின் கையில் காஜா ஊசி இருந்தது. அதைத் துணியில் குத்தி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"ரயிலு தரையிலதானய்யா ஓடுது. நின்னு போச்சுன்னா எறங்கி நடந்து வந்துரலாம். அது நின்னு போச்சுன்னா எங்கய்யா எறங்குவ?"

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. "மருமவ என்ன சொல்லுதா?" என்று கேட்டார்.

மதினி அதுவரை மாமனார் முன்னால் நீளமாகப் பேசியதில்லை. "இவரு வேலைக்குப் போனா நான் தினமும் பயந்துட்டுதான் இருக்கேன் மாமா. வந்து சாப்பாட்டுத் தட்டு முன்னால உட்கார்ந்து அவரு கையையே பாத்துட்டு இருக்காரு. அதப் பாக்குறதுக்கு, இவரு பறக்குற பயம் எனக்குப் பரவாயில்ல" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. ஆனால் சம்மதித்தோம் என்றும் சொல்ல முடியாது. பயத்தோடு வாய் மூடியிருந்தோம், அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் சிலர் வந்து புத்தி சொன்னார்கள். இன்று இந்த மலரைப் படிக்கிற அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம். அவர்களும் அக்கறையில்தான் சொன்னார்கள்.

விமானி ஆவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணன் பத்தாம் வகுப்போடு டிப்ளமோவுக்குப் போனவர். எனவே அந்த இரண்டு பாடங்களையும் தனித்தேர்வராக எழுதினார். தேர்வு அறைக்குள் அவர் நுழைந்ததும் ஒரு மாணவி எழுந்து நின்று வணக்கம் சொன்னாளாம். அவர் கண்காணிப்பாளர் இல்லை என்று தெரிந்ததும் அந்த அறையே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அவரும் சிரித்தார். மறுநாள் கணிதத் தேர்வுக்குப் போகும்போது மட்டும், நரை தெரிந்த இடத்தில் மை தடவிக்கொண்டு போனார்.

பயிற்சி நிலையம் மராட்டிய உள்நாட்டில், பருத்திக் காடுகளுக்கு நடுவே இருந்தது. மதினி மகளோடு கோபர்கைரனேயில் வாடகை வீட்டுக்குப் போனார். தம் சம்பளத்தில் குடும்பத்தை நடத்தினார். அண்ணனிடமிருந்து போன் வரும். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் சொல்லாததை மதினியிடம் சொல்வார். இன்று காற்று குறுக்கே அடித்தது, இன்று சக்கரம் தரையில் மோதித் துள்ளியது, இன்று கை நடுங்கியது. மதினி அதைக் கேட்டு முடித்து, போனை வைத்துவிட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டுவார்.

முதன்முதலாகத் தனியாகப் பறக்கும் நாள் நெருங்கியபோது மதினி நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். குழந்தைக்கு அப்போது நான்கு வயது. காலை வெயிலில், விமானங்களை நிறுத்தும் கூடாரத்தின் ஓரமாக நின்றோம். சின்ன விமானம், காரைவிடக் கொஞ்சம் பெரியது. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் இறங்கிக் கதவைச் சாத்தினார். உள்ளே அண்ணன் மட்டும். நாங்கள் கையசைத்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை.

விமானம் ஓடி எழுந்தது. ஒரு வட்டம் போட்டது. திரும்பி ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்கியது. தரையைத் தொட இன்னும் ஓர் ஆள் உயரம்தான் இருக்கும். அப்போது சத்தம் திடீரென்று கூடியது. விமானம் இறங்காமல் மறுபடியும் மேலே போய்விட்டது. மதினி என் கையைப் பிடித்திருந்தார். அவருடைய நகம் என் சதையில் இறங்கியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "என்ன ஆச்சு, ஏன் எறங்கல?" என்று நான் கேட்டேன். பயிற்சியாளர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர், திரும்பாமல், பேசாதே என்பது போல ஒரு கையை உயர்த்தினார். அந்த இரண்டாவது வட்டம் ஐந்தாறு நிமிடம்தான் இருக்கும். என் இரண்டு பிரசவங்களைக் காட்டிலும் அது எனக்கு நீளமாக இருந்தது.

இரண்டாவது தடவை மெதுவாக இறங்கி நின்றார். கூடப் படித்த இளைஞர்கள் வழக்கப்படி ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் கொட்டினார்கள். அதற்கு முன்பே அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"ஏன் அண்ணே மொத தடவ எறங்கல?"

"எறங்கும்போது மனசுக்குச் சரின்னு படல. சரிப்படலைன்னா மேல போயிரலாம். இதுல அது ஒண்ணு இருக்கு. ரயில்ல அது கெடையாதுட்டி."

உரிமம் வந்தது. வேலை வரவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக அண்ணன் கோபர்கைரனேயில் வீடுகளுக்கு மின்வேலை செய்தார். மாடிப்படியில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும் அவரைப் பார்த்து, "பைலட் வாறாரு" என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்த நாட்களில்தான் அப்பா மாரடைப்பில் போனார். மகன் சீருடை போட்டதை அவர் பார்க்கவில்லை. அப்பாவின் காரியம் முடிந்த அடுத்த மாதம் அண்ணன் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாகத் தேர்வானார்.

அதன் பிறகு வந்த நான்கு வருடங்களும் எங்கள் குடும்பத்துக்குப் பெருமையான வருடங்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். பெருமை வெளியே இருந்தது. வீட்டுக்குள்ளே இருந்தது என்னவென்றால், என் போனில் விமானங்களைக் காட்டும் ஒரு செயலி. மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டியாய் விமானங்கள் நகரும். அண்ணன் வேலைக்குப் போகும் நாட்களில் அம்மா என் மேசைக்குப் போன் செய்வார்.

"எங்கன இருக்கான்?"

"நாக்பூர் தாண்டியாச்சும்மா."

"எறங்குனதும் சொல்லு."

ஒரு மழைக்காலத்தில், மும்பைக்கு மேலே இறங்க வழியில்லாமல் அந்த மஞ்சள் விமானம் கடல் மேல் சுற்றிச் சுற்றி வந்தது. அன்று எனக்கு விடுமுறை, தாராவியில்தான் இருந்தேன். நாற்பது நிமிடம் அது சுற்றியது. அம்மா போனைப் பார்க்க மறுத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அது வடக்கே திரும்பி அகமதாபாத்தில் இறங்கியது. சாயங்காலம் அண்ணன் போன் செய்து, "பயந்தீயளா? நானும்தான்" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

வேலையில் அவர் எவ்வளவு கவனமானவர் என்பதை அவரோடு பறந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் கண்டது வீட்டில். ஒவ்வொரு பயணத்துக்கும் முந்திய நாள், போகும் ஊரின் ஓடுபாதை வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்தவர் போல விரலால் கோடு ஓட்டிப் படிப்பார். "நூறு தடவ போன ஊருதான?" என்று கேட்டால், "நூத்தி ஒண்ணாவது தடவ போகலையே" என்பார். எங்கள் பகுதிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, இவனையும் விமானி ஆக்குங்கள் என்று கேட்ட பெற்றோரிடம் சீருடையைக் காட்டமாட்டார். வேலையில்லாமல் இருந்த வருடத்தைப் பற்றிச் சொல்வார்.

இனி எழுத வேண்டியது எனக்குக் கடினமானது.

சென்ற வருடத்துக்கு முந்திய வருடம், ஒரு வியாழக்கிழமை காலை. என் கணவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்டார்கள். நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணன் என் செம்பூர் வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தேன். குடிக்காமல் கீழே வைத்தார்.

"நேத்து டெல்லியிலருந்து வாறோம். கேப்டன் ஓட்டுதாரு, ரேடியோ என் பொறுப்பு. எறங்க ஆரம்பிச்சாச்சு. கீழருந்து கன்ட்ரோலர் பேசுதாரு. சத்தம் கேக்குது. ஆனா என்ன பாஷைன்னு எனக்குத் தெரியல."

"என்ன அண்ணே சொல்லுத?"

"இங்கிலீஷ்தான். தெனமும் கேக்குத வார்த்தைதான். ஒண்ணும் வெளங்கல. கருகுன வாடை வேற அடிச்சுது. கேப்டன் என்னத் திரும்பிப் பாத்துட்டு அவரே பதில் சொல்லிட்டாரு. அரை நிமிஷம் இருக்கும். பொறவு எல்லாம் சரியாயிருச்சு. எறங்குனதும் என்னாச்சுன்னு கேட்டாரு. தலவலின்னு சொன்னேன்."

டீயைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, "பொய் சொன்னேன்" என்றார்.

அது முதல் தடவையும் இல்லை. முந்திய மாதம் சாப்பிட உட்கார்ந்தபோது உப்பு தேவைப்பட்டிருக்கிறது. உப்புக்கு என்ன வார்த்தை என்று தெரியவில்லை. மகளிடம் கையால் காட்டிக் கேட்டாராம். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள்.

ஸ்கேன் மையத்தில் வேலை செய்கிறவள் நான். எந்த ஸ்கேனுக்கு எந்த முகத்தோடு ஆட்கள் வருவார்கள், எந்த முகத்தோடு போவார்கள் என்று தெரிந்தவள். அவர் எந்த ஸ்கேனுக்கு வர வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பயத்தில் நான் அவரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யார்கிட்டயும் சொல்லாத அண்ணே. எங்க சென்டருக்கு வா. வேற பேரு போட்டு ஸ்கேன் எடுத்துருவோம். ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்ல. ஏதாவது இருந்தா மாத்திர எடுத்துக்கலாம். சொன்னேன்னா உன் லைசென்ஸ் போயிரும். இவ்வளவு வருஷம் பட்டது எல்லாம் போயிரும்."

அவர் கோபப்படவில்லை. அவரும் அதை யோசித்துத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். என்னிடம் முதலில் வந்ததற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

"சனிக்கிழம நீங்க நாலு பேரும் சென்னைக்கு என் பிளைட்லதான வாறீய?" என்று கேட்டார்.

என் நாத்தனார் கல்யாணம். அண்ணன் ஓட்டும் விமானத்தில் நாங்கள் போகப்போவது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் ஒரு மாதமாகப் பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா."

"இப்பச் சொல்லு. நான் ஓட்டட்டுமா?"

ஓட்டு என்று சொல்லவே நினைத்தேன். நாக்கு எழவில்லை.

"பேசாம இருக்க பாரு. அதான் பதில்" என்றார்.

போனை எடுத்தார். நிறுவனத்தின் எண்ணை அழுத்தத் தொடங்கினார். இரண்டு தடவை தப்பாக அழுத்திவிட்டு என்னிடம் நீட்டினார். நான்தான் அழுத்திக் கொடுத்தேன். தம் பெயரையும் எண்ணையும் சொன்னார். நேற்று பறக்கும்போது அரை நிமிடம் தமக்கு எதுவும் புரியவில்லை என்றும், கேப்டனிடம் தலைவலி என்று பொய் சொன்னதாகவும், இனி மருத்துவர் பார்க்கும் வரை தம்மைப் பணியில் போடக்கூடாது என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். குரல் நடுங்கியது. ஆனால் ஒரு வார்த்தையையும் விடவில்லை. வைத்த பிறகு, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

சனிக்கிழமை நாங்கள் அந்த விமானத்தில் சென்னைக்குப் போனோம். அண்ணன்தான் போகச் சொன்னார். வழி முழுவதும் நான் முன்னால் இருந்த அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சுகமாக இறங்கினோம். கல்யாணத்தில் இருக்கும்போது எனக்குள் ஒரு கசப்பு ஊறியது. ஒன்றும் நடக்கவில்லையே, அவசரப்பட்டு எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாரே என்று நினைத்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நரம்பியல் மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் மதினியின் தோளில் சாய்ந்தார். மதினி தூக்கம் என்று நினைத்தார். பிறகு உடம்பு முழுவதும் வெட்டி இழுக்கத் தொடங்கியது. நான்கு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. நினைவு திரும்பப் பாதி நாள் ஆயிற்று. மூளையின் இடப்பக்கத்தில் கட்டி இருந்தது.

அவரோடு டெல்லியிலிருந்து வந்த கேப்டன் மருத்துவமனைக்கு வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். எங்களை நடைவழிக்கு அழைத்துப் போய் இந்தியில் பேசினார். அன்று தாம் அதைக் களைப்பு என்று விட்டுவிட்டதாகவும், அண்ணன் சொல்லியிருக்காவிட்டால் மறந்தும் போயிருக்கும் என்றும் சொன்னார். பிறகு சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலைப் பணிப்பட்டியலில் தம் பெயரும் அண்ணன் பெயரும் சேர்ந்துதான் இருந்தன என்றார். மதினி நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வேறு பெயர் போட்டு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று சொன்ன என் குரல் எனக்கே கேட்டது. இன்றும் கேட்கிறது.

அறுவை சிகிச்சைக்கு முன், பயமாக இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். "ரொம்ப" என்றார் அண்ணன். கட்டியின் பெரும்பகுதியை எடுத்தார்கள். அது திரும்ப வரும் வகை என்பதையும் சொன்னார்கள். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அண்ணன் எங்களோடு இருந்தார்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் ஆங்கிலம் போயிற்று. பிறகு மராட்டியும் இந்தியும் போயின. தமிழ் மட்டும் நின்றது. அவர் மகளோ இந்தியில்தான் பதில் சொல்லிப் பழகியவள். தமிழைக் காதால் கேட்பாளே தவிரப் பேசமாட்டாள். அப்பாவுக்கு இந்தி விளங்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து, மதினி வீட்டில் இல்லாத நேரத்தில் எனக்குப் போன் செய்து, "அத்தை, 'தலையணையைச் சரி பண்ணட்டுமா'ன்னு தமிழ்ல எப்படிச் சொல்லணும்?" என்று இந்தியில் கேட்பாள். சொல்லிக் கொடுத்ததை ஒரு தாளில் இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு போய் அப்பாவிடம் சொல்வாள். தப்பாகச் சொன்னால் அண்ணன் சிரிப்பார். இரண்டு மாதத்தில் தாள் இல்லாமல் பேசினாள். பள்ளி விட்டு வந்ததும் அன்று நடந்ததை எல்லாம் அவரிடம் தமிழில்தான் சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

கடைசி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். வெளியே நல்ல மழை. "பயமா இருக்குட்டி" என்றார். தைரியமாக இரு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. "எனக்கும்தான் அண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டினார். என் பதில் அவருக்குச் சரியாகப் பட்டது போல் இருந்தது. அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினார். எட்டு நாள் கழித்து, விடிந்து ஒரு மணி நேரம் ஆன பிறகு, கோபர்கைரனே வீட்டில், மதினியின் மடியில் அவர் மூச்சு நின்றது. வயது நாற்பத்தொன்று.

அண்ணனின் இந்த நாற்பத்தொரு வருடத்தில் துணை நின்றவர்களை இங்கே வணங்குகிறோம். பயிற்சிக் காலத்திலும் நோய்க் காலத்திலும் மதினியின் வகுப்புகளைத் தங்கள் வகுப்போடு சேர்த்துப் பார்த்துக்கொண்ட பள்ளி ஆசிரியைகளுக்கு. வேலையில்லாத நாட்களில் வீட்டு வாடகையைப் பற்றி வாய் திறக்காத வீட்டுக்காரர் தம்பதிக்கு. அறுவை சிகிச்சைப் பிரிவின் செவிலியர்களுக்கு. எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் ஆட்டோவோடு வந்து, அண்ணனை மூன்று மாடி தூக்கி இறக்கிய பக்கத்துக் கட்டட இஸ்லாமியச் சகோதரருக்கு. மாதம் தவறாமல் வந்து, மொழி விளங்காது என்று தெரிந்தும் அண்ணன் அருகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போன கேப்டனுக்கு. மகனைத் தந்து, மகனை அனுப்பி வைத்த எங்கள் அம்மாவுக்கு.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அந்தச் சனிக்கிழமை, அண்ணன் உட்கார வேண்டிய இடத்தில் வேறொரு துணை விமானி உட்கார்ந்திருந்தார். விடுமுறையில் இருந்தவரை அவசரமாக அழைத்திருப்பார்கள். விமானம் மேலே ஏறிய பிறகு ஒலிபெருக்கியில் வணக்கம் சொன்னார். இளங்குரல், வடநாட்டு உச்சரிப்பு. பெயர் சொன்னார், நான் கவனிக்கவில்லை. என் இரண்டு பிள்ளைகளையும் சுகமாகக் கொண்டுபோய் இறக்கியவர் அவர். எதற்காகத் தம்மை அழைத்தார்கள் என்பது அவருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. அவர் தரையில் இறங்கும் வரை அவர் வீட்டிலும் அன்று யாரோ ஒருவர் பயந்துகொண்டு காத்திருந்திருப்பார். அவருக்கும், அப்படிக் காத்திருந்தவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.